ஆக்சிஜனேற்றம்

அமிலங்கள் யாவற்றையும் பிறப்பிப்பது ஒரு வாயுவே என்று கருதிய பிரெஞ்சு இரசாயன சாஸ்திரி லவாய்சியே, 1777-ஐ ஒட்டி, 'புளிப்பு', 'பிறப்பிப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி அவ்வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டார். கருத்துப் பிழையாயினும் பெயர் நிலைத்தது. நம்மவரோ உயிர் தரிப்பதற்குக் காரணமாதலை நோக்கிப் பிராணவாயு என்றனர். அவ்வாயு பிறபொருளோடு சேர்வது மட்டுமன்றி, ஒரு பொருளினின்று எலக்ட்ரான் கவரப்படுவதும் ஆக்சிஜனேற்றமே.

திருப்பூர்ச் சலவைப் பட்டறைகளில் பனியன் துணியை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு புரிவது இவ்வேலைதான். துணியில் இரும்புத்துரு ஒட்டியிருப்பின், அவ்விடத்தில் வினை வரம்புமீறி, நூலே இற்று ஓட்டை விழும். இதே பெராக்சைடு நம் உயிரணுக்களிலும் சுவாசத்தின் பக்கவிளைவாக ஓயாது உண்டாகி, அங்குள்ள இரும்போடு கூடி, ஹைட்ராக்சில் என்னும் உக்கிரமான துகளைத் தோற்றுவிக்கிறது. அது டி.என்.ஏ.வின் காரங்களுள் ஒன்றான குவானினைத் தாக்க, 1984-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கசாயும் நிஷிமுராவும் அறிவித்த 8-ஆக்சோகுவானின் பிறக்கிறது. சைட்டோசினோடு இணையவேண்டிய குவானின் இவ்வுருவில் அடினினோடும் இணையுமாதலால், பழுது நீக்கும் என்சைம்கள் தவறவிடின், அடுத்தடுத்த பிரதிகளில் குவானின் இருந்த இடத்தில் தைமின் அமர்ந்து சடுதிமாற்றம் நிலைபெறும். வெளுத்தபின் எஞ்சும் பெராக்சைடை நீக்கப் பட்டறைகளில் இடும் கேட்டலேஸ் என்சைமே நம் உயிரணுக்களிலும் அதனைச் சிதைத்து நீராகவும் பிராணவாயுவாகவும் ஆக்குகிறது.