செக்றோல் யார் கையில்?

சிறு நிறுவனங்களின் வேலைகளை இணையத்தில் பங்கிட்டு மேற்பார்க்கும் மென்பொருள்கள் இன்று பரவலாகிவிட்டன. 2004இல் வந்த பேஸ்கேம்ப், 2011இல் வந்த டிரெல்லோ போன்றவை வாசகர்கள் பலருக்கும் பழக்கமானவை. என்ன வேலை, யாருக்கு, எப்போதைக்கு, முடிந்ததா இல்லையா என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரே பக்கத்தில் விடை தருவதே அவற்றின் சாரம். பதுளை நகரில் ஐந்தாறு பேரை வைத்து அச்சகமோ தங்குவிடுதியோ நடத்துபவர்கூட ஒரு கைத்தொலைபேசியில் இதைச் செய்துகொள்ளலாம்.

இவை புதுமை என்று விற்கப்படுகின்றன. ஆனால் பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை மலைகளில் பிறந்தவர்களுக்கு இந்த நான்கு கேள்விகளும் பழையவை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடியல்தோறும் அவை அங்கே கேட்கப்பட்டன. கேட்டவர் யார், விடையை எழுதியவர் யார், எழுதியதைப் படிக்க முடிந்தவர் யார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

தப்பொலி கேட்டதும் லயங்களிலிருந்து எழுந்து, இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவில் ‘பிரட்டு’ ஆயிற்று. துரை முன்னிலையில் கணக்கப்பிள்ளையும் கங்காணிமாரும் ஆட்களைப் பிரிப்பர். எந்த மலையில் கொழுந்து, எங்கே கவ்வாத்து, எங்கே புல்வெட்டு, ஸ்டோருக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். மாலையில் கொழுந்து நிறுக்கப்படும். பின்னர் செக்றோலில் பெயர் விழும். முழுநாள் வேலை ‘ஒரு பேர்’, பாதி நாள் ‘அரைப்பேர்’. ஒருவரின் பெயரே அவரது நாட்கூலியின் அளவாக ஆன மொழி இது!

செக்றோல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அது துரையின் கந்தோரில் இருந்தது. கொழுந்து பறித்தவளுக்கோ எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஏட்டைப் புரட்டும் உரிமை கிடையாது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று எடையில் எவ்வளவு கழித்தார்கள், அரைப்பேர் ஏன் விழுந்தது என்பதெல்லாம் சம்பள நாளில்தான் தெரியவரும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் தலையில் கடனாக எழுதினார். வேறு தோட்டம் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கலாம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. வாசிக்கத் தெரியாத ஒரு சிறு காகிதம் மனிதர்களைக் கைமாற்றியது. 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் ஏடு இருந்த இடம் மாறவில்லை.

அந்த ஒழுங்கை ஊவாவே ஒருமுறை கேள்வி கேட்டது. 1940ஆம் ஆண்டின் வேலைநிறுத்த அலை, மே மாதத்தில் பதுளையை எட்டியது. லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா மே 12ஆம் திகதி பதுளையில் பெருங்கூட்டத்தில் பேசினார். வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையை அமைத்தனர். அந்தச் சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவர்கள் நிர்வாகத்தின் மேசைக்கு வந்தனர். அந்த நிலை நீடிக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக வெளியுலகிலிருந்து துண்டித்த வெள்ளமும் போராட்டத்தை முறித்தன. ஆயினும் அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று, முடிவில் பங்கும் கேட்டார்கள் என்பது மறக்கத்தக்கதன்று.

*

1951ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன. இரண்டுக்கும் தேயிலையோடு தொடர்பு உண்டு.

லண்டனில் தேநீர்க் கடைகளையும் தேயிலை வணிகத்தையும் நடத்திவந்த ஜே. லயன்ஸ் நிறுவனம், ‘லியோ’ என்ற கணினியைத் தானே உருவாக்கி அவ்வாண்டு அன்றாட வணிகக் கணக்கில் ஈடுபடுத்தியது. உலகில் அலுவலகப் பணிக்கு முறையாகக் கணினியைப் பயன்படுத்திய முதல் நிறுவனம் ஒரு தேநீர்க் கம்பனிதான். 1954இல் ஊழியர் சம்பளக் கணக்கையும் லியோ போடத் தொடங்கியது. தேர்ந்த எழுத்தருக்கு 8 நிமிடம் பிடித்த ஒருவரின் கணக்கு 1.5 விநாடியில் முடிந்தது. இன்றைய வணிக மென்பொருள்களின் பாட்டன் அது.

அதே 1951தான், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும் காலம் முடிந்த ஆண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரான தோட்ட மக்கள், பல ஆண்டுகள் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பலருக்கு எழுத்தில் இருந்த சாட்சி தோட்டத்துப் பதிவேடுகள் மட்டுமே. தம் உழைப்பால் நிரம்பிய அந்த ஏடுகளுக்காக அவர்கள் கந்தோர் வாசலில் காத்து நின்றார்கள். வேலைக் கணக்கு பிறர் கையில் இருப்பதன் விலை கூலியோடு முடிவதில்லை.

அதன் நிழல் பின்னரும் தொடர்ந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்பதால், ஓய்வுபெற்றபின் தம் சொந்தப் பணத்தைப் பெற அலைந்த முதியோர் மலையகத்தில் உண்டு. பெயரை எழுதியவர் ஒருமுறை அதை வாசித்துக் காட்டியிருந்தால் போதும்.

*

இன்று தோட்டங்களிலும் மின்னணுத் தராசு வந்துவிட்டது. கணினியில் செக்றோல் வந்துவிட்டது. ஆனால் 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்தபின், அதற்கு எத்தனை கிலோ என்பதே பெரும் தகராறாயிற்று. கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. தராசின் எண் யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

இணைய மென்பொருளின் மெய்யான புதுமை வேகத்தில் இல்லை. வேலையைச் சொல்பவரும் செய்பவரும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் பார்க்கலாம், பிழை கண்டால் செய்பவரே அங்கே குறித்து வைக்கலாம் என்பதுதான் புதிது. வெவெஸ்ஸ மக்கள் போராடிப் பெற்று இழந்ததன் ஒரு சிறு துளி அது. ஆனால் அந்த வாய்ப்பு தானாக வருவதில்லை. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை முதலாளியே தெரிவு செய்கிறார். கதவை அடைத்துவிட்டால், மாதக் கட்டணம் செலுத்தி வாங்கிய அந்த மென்பொருளும் பழைய செக்றோலே.

எனவே சிறு தொழில் நடத்தும் நம்மவருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். எந்த மென்பொருள் என்பது இரண்டாவது கேள்வி. கடைசியாகச் சேர்ந்த ஊழியருக்கும் அதன் திறவுச்சொல்லைக் கொடுங்கள். அவர் வாசிக்கும் மொழியில் வேலையை எழுதுங்கள். தம் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்றன்றே அவர் பார்க்கட்டும். நம் பாட்டிமாருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.