சுமையும் வழியும்: திருகோணமலை தரும் பாடம்



திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும், அதனைக் கைப்பற்ற ஐரோப்பியர் தமக்குள் நடத்திய போர்களையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், கப்பலில் வந்த சுமை கரை சேர்ந்தபின் அதனை எது இழுத்துச் சென்றது என்று கேட்போர் சிலரே. கடல் பெருங் கப்பல்களைத் தாங்கும் ஆழமுடையது. கரைக்கப்பால் உள்ள வழியோ மணலும் சேறும் காடுமாய் இருந்தது. 1927ஆம் ஆண்டில் புகையிரதம் வந்து சேரும்வரை மாட்டுவண்டிக்குப் பெரும்பங்கு இருந்தது. அதன்பின்னரும் தண்டவாளம் செல்லாத இடமெல்லாம் மாட்டையும் சக்கரத்தையுமே நம்பியிருந்தன.

இன்று கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ ஒருவர் தம் படகை இழுப்பதற்கு ஒரு கெப் வாகனம் வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுக்கும் பணம் பல ஆண்டு உழைப்பு. தவறான வாகனம் வாய்த்தால் பணத்தோடு படகும், சில வேளை உயிருமே போகலாம். அவருக்கு வழிகாட்ட இந்நாட்டின் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

முதற் சான்று, துறைமுகத்தின் நீருக்குள் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பம்பாயில் கட்டப்பெற்ற மிதக்கும் கப்பல் தளம் ஒன்று இங்கே நிறுத்தப்பட்டிருந்தது. அது 50,000 தொன் தூக்க வல்லது. 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், பிரித்தானியப் போர்க்கப்பலான வேலியன்ட் அதன்மேல் ஏற்றப்பட்டது. கப்பலின் எடை தளத்தின் எல்லைக்கு உட்பட்டதே. எனினும், தளத்தின் தொட்டிகளிலிருந்து நீரை வெளியேற்றிய முறை, கப்பலின் பாரம் அமர்ந்திருந்த முறைக்குப் பொருந்தவில்லை. தளம் முறிந்து மூழ்கியது. கப்பலும் பெருஞ் சேதமடைந்தது. எவ்வளவு பாரம் என்பது மட்டும் கணக்கன்று. பாரம் எங்கே அமர்கிறது என்பதும் கணக்கே.

இதனை நம் வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று என்றோ அறிந்திருந்தனர். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும். படகேற்றிய இழுவைப்பெட்டிக்கும் அதுவே விதி. பெட்டியின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொளுவியின்மேல் அமர்வது நன்று. அது மிகக் குறைந்தால், வேகமெடுக்கும்போது பெட்டி இருபுறமும் ஆடத் தொடங்கும். சாரதியின் பிடி தவறும். வாகனம், அதன் சுமை, இழுவைப்பெட்டி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து உற்பத்தியாளர் ஓர் எல்லை விதித்திருப்பர். அந்த எல்லை 5,000 கிலோ என்றும், வாகனமும் சாரதியும் 2,500 கிலோ என்றும் கொண்டால், இழுப்பதற்கு எஞ்சுவது 2,500 கிலோ. பின்தட்டில் 500 கிலோ மீனும் பனிக்கட்டியும் ஏற்றினால் எஞ்சுவது 2,000 கிலோவே. மயிற்பீலியையும் வண்டி அச்சையும் காட்டி வள்ளுவர் தந்த எச்சரிக்கையும் இதுவே அன்றோ?

இரண்டாஞ் சான்றுக்குத் திருகோணமலையிலிருந்து மேற்கே செல்லும் பெருவீதியின் மறுமுனையான புத்தளத்துக்குச் செல்வோம். அங்கே போர்க்காலத்தில் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இருந்தது. மழைக்காலச் சேற்றில் புதைந்த கோர்செயர் போர்விமானங்களை வெளியே இழுக்க யானைகளைப் பயன்படுத்தினர். அவ்விமானத்தின் இயந்திரம் 2,000 குதிரைவலுவுக்குக் குறையாதது. எனினும் சேற்றில் அவ்வலு பயன்படவில்லை. நிலத்தைப் பற்றி ஊன்றிய யானைக்காலே பயன்பட்டது. ஆதலால், விற்பவர் குதிரைவலுவைப் புகழும்போது நாம் நிலப்பிடிப்பைக் கேட்கவேண்டும். நான்கு சக்கரமும் இயங்குமா? மெதுவாக ஆனால் வலிவாக இழுக்கும் தாழ்நிலைக் கியர் உண்டா? நிலத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் போதிய இடைவெளி உண்டா? ரயர் மணலுக்கு ஏற்றதா? இவையே தகுந்த வினாக்கள்.

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம். இறக்கத்தில், பின்னாலுள்ள பாரம் வாகனத்தை முன்னே தள்ளும். தனக்கெனப் பிறேக் இல்லாத இழுவைப்பெட்டிக்குப் பெரும்பாலான கெப் வாகனங்களில் 750 கிலோவே எல்லை. அதற்கு மேற்பட்ட படகுக்குப் பிறேக் பொருத்திய பெட்டி வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

மூன்றாவது பகைவன் உப்பு. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த லேண்ட் ரோவர் வாகனத்தின் மேற்கூட்டை அலுமினியத்தால் அமைத்தனர். போருக்குப்பின் உருக்குக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு அதற்கொரு காரணம். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம் உருக்கே. பளபளக்கும் மேனியின் கீழ் அச்சட்டம் அரிக்கப்பட்டிருக்கலாம். பழைய வாகனம் வாங்குவோர் வர்ணத்தைப் பாராது, கீழே படுத்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். படகை நீரில் இறக்கிய ஒவ்வொரு முறையும் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் நன்னீரால் கழுவுதல் வேண்டும்.

இறுதியாக, உதிரிப்பாகம். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இந்நாட்டின் பழைய லொறிகளையும் கார்களையும் ஓடச்செய்தது மெக்கானிக்குகளின் கைத்திறனே. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையிலிருந்ததைப் பழுதுபார்த்தே மக்கள் காலந்தள்ளினர். எனவே, உள்ளூர்க் கராஜில் திருத்தக்கூடிய, பாகம் எளிதிற் கிடைக்கக்கூடிய வாகனமே நம்பத்தக்கது. கொழும்புக்கு ஆளனுப்பிப் பாகத்துக்குக் காத்திருக்கும் நாளெல்லாம் படகு கரையில் கிடக்கும் நாளே.

2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையைக் கடக்கப் படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பாலமும் தார்வீதியும் வந்துவிட்டன. ஆனால், வீதி முடிந்து கடற்கரை தொடங்கும் கடைசிச் சில நூறு யார் தூரம் பழைய மணலாகவே இருக்கிறது. வாகனத்தின் தகுதி அங்கேதான் தெரியவரும். வாங்குமுன் படகை இழுவைப்பெட்டியில் ஏற்றி, அந்த மணலிலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறக்கத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அதற்கு உடன்படாத விற்பனையாளரை வணங்கி விடைபெறுவதே அறிவுடைமை.