சாப்பாடு எங்க விழுதோ, நாய் அங்க: ஒரு சின்ன வரலாறு

கிராண்ட்பாஸில் எங்கட ஒழுங்கை வாசலில் ஒரு கொத்துக்கடை இருக்கிறது. இரவில் தகரத்தில் கொத்துச் சத்தம் தொடங்கியதும் பிரவுணி வந்துவிடும். கடைக்குள் நுழையாது, வாசலையும் மறிக்காது. இடப்பக்கம் தண்ணி பீப்பாய்க்குப் பக்கத்தில் பின்னங்காலை மடித்து உட்கார்ந்திருக்கும். யாரும் அதற்கு "இரு" என்று சொல்லிப் பழக்கவில்லை. கடைக்கார நானா வருஷக்கணக்காக எலும்பை அந்த மூலையில்தான் போடுகிறார். அவ்வளவுதான்.

பகலில் அதே பிரவுணி வேற நாய். த்ரீவீல் சத்தம் கேட்டால் நடு ரோட்டுக்குப் பாயும். போன வருஷம் ஒரு சின்னப் பிள்ளை அதைக் கண்டு பயந்து ஓடி விழுந்தது, முழங்கால் கிழிந்தது. ஒழுங்கையே இரண்டாகப் பிரிந்து சண்டை. "இந்த நாயப் பிடிச்சுக் குடுத்துடுங்க" என்றது ஒரு பக்கம். பாவம், வாயில்லா ஜீவன் என்று நாங்கள் மறுபக்கம். வாதாடுவதற்காகத்தான் நாய்ப் பயிற்சியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினோம். வாசித்து முடிக்கும்போது குற்றவாளிக் கூண்டில் நின்றது பிரவுணி இல்லை.

1898இல் எட்வர்ட் தோர்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளையும் நாய்களையும் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை எப்படித் திறந்துகொண்டு வெளியே வருகின்றன என்று பார்த்தார். வெளியே சாப்பாடு இருந்தது. எந்த அசைவுக்குப் பிறகு நல்லது நடக்கிறதோ அந்த அசைவு திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் அவர் கண்டது. ஆனால் பயிற்சி மைதானங்களில் கயிறும் கைப்பலமும்தான் ஆட்சி செய்தன. 1910இல் ஜேர்மன் பொலிஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் எழுதிய கைநூல் அந்தக் காலத்தின் பெரிய நூல். பாராட்டும் தீனியும் அதில் உண்டு. ஆனாலும் கட்டாயப்படுத்துவதுதான் அதன் முதுகெலும்பு. நாய் உட்கார வேண்டுமா, பிடரியைத் தூக்கி இடுப்பை அமுக்கு. இதுதான் அந்தக் காலத்து வழி.

1951இல் பி. எஃப். ஸ்கின்னர் ஒரு அறிவியல் சஞ்சிகையில் விலங்குகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று சாதாரண ஆட்களுக்காக எழுதினார். கையில் 'டிக்' என்று சத்தம் போடும் ஒரு விளையாட்டுச் சாமான், கொஞ்சம் தீனி, இவ்வளவும் போதும் என்றார். இன்றைய கிளிக்கரின் கதை இங்கிருந்துதான் பரவியது. அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதியர் இதை ஒரு தொழிலாகவே ஆக்கி, கோழி முதல் பன்றி வரை பழக்கினார்கள். அவர்களோடு பின்னாளில் சேர்ந்தவர் பாப் பெய்லி. 'செய்கைக்குச் சத்தம், நிலைக்குச் சாப்பாடு' என்ற யோசனையைப் பயிற்சியாளர்கள் நடுவே பரப்பியவர் அவர். நாய் எதைச் சரியாகச் செய்தது என்பதைச் சத்தம் சொல்லும். அடுத்த தடவை அதன் உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சாப்பாடு வருகிற இடம் சொல்லும்.

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது எவ்வளவு கூர்மையான விஷயம் என்று விளங்கும். நாய் உங்கள் இடப்பக்கம் ஒட்டி நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனியை வலக்கையால் முன்னுக்கு நீட்டினால், நாலைந்து தடவையில் அது உங்கள் காலுக்கு முன்னால் குறுக்கே வர ஆரம்பிக்கும். அதே தீனியை இடத்தொடையோடு ஒட்டிக் கொடுத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்த நாய்க்கு மூக்குக்கு நேரே, கொஞ்சம் மேலே கொடுத்தால் உட்கார்ந்தே இருக்கும். தள்ளி நீட்டினால் எழும்பிவிடும். முன்னங்கால்களுக்கு நடுவே நிலத்தில் வைத்தால் படுக்கும். ஒரே இடத்தில் நிற்கப் பழக்கும்போது, நாயைக் கூப்பிட்டுக் கொடுக்கக்கூடாது, நாங்கள்தான் அதனிடம் நடந்துபோய்க் கொடுக்க வேண்டும். கூப்பிட்டுக் கொடுத்தால் எழும்பி வருவதற்குத்தான் கூலி கொடுக்கிறோம். வாய் "இரு" என்கிறது, கை "வா" என்கிறது. நாய் நம்புவது கையை.

இந்த அறிவு வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் எங்கட ஊர்ச் சட்டப் புத்தகம் என்ன சொன்னது? விசர்நாய்க்கடிக்குப் பயந்து 1893இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. தெருவில் அலைகிற நாய்களைப் பிடித்துக் கொல்ல அது வழிவிட்டது. 1901இல் நாய்களைப் பதிய வேண்டும் என்று இன்னொரு கட்டளைச் சட்டம். அந்தப் பயம் பொய் இல்லை, நோய் வந்தால் சாவுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் பிடிப்பதும் கொல்வதுமே வழியாக இருந்தது. 2006இல்தான் தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் கொள்கை அறிவித்தது. தடுப்பூசியும் கருத்தடையும் முன்னுக்கு வந்தன.

நாயின் நிலை ஒன்று எவ்வளவு பெறுமதியானது என்பதை எங்கட தலைமுறை 2019 ஏப்ரல் 21க்குப் பிறகுதான் கண்ணால் கண்டது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்களுக்குத் தூரமில்லை. அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கோயில் வாசல்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் மோப்ப நாய்கள் வந்து நின்றன. வெடிமருந்து தேடுகிற நாய் பையைப் பிறாண்டக்கூடாது, பிறாண்டினால் எல்லோருக்கும் ஆபத்து. மணத்தைப் பிடித்ததும் பக்கத்தில் அமைதியாக உட்கார வேண்டும். இதற்குப் பயிற்சியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பந்தைப் பயிற்சியாளர் தன் பொக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினால், நாய் மணத்தை விட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பழகும். அதனால் மணம் இருக்கிற இடத்திலேயே பந்து வந்து விழுகிற மாதிரிச் செய்வார்கள். மூக்கு அங்கேயே நிற்கும். வாசலில் வரிசையில் நின்ற எங்கட உயிர், எப்போதோ ஒரு பந்து சரியான இடத்தில் விழுந்ததிலும் தங்கியிருந்தது.

இப்போது பிரவுணிக்கு வருவோம். அது ஏன் த்ரீவீலுக்குப் பாய்ந்தது? கெம்பஸ் முடிந்து த்ரீவீலில் வரும்போது, ஓடுகிற வண்டியிலிருந்து பணிஸ் துண்டு வீசியது நாங்கள்தான். அது ஓடிவருவதைப் பார்க்க எங்களுக்கு நல்ல ஃபன். நடு ரோட்டில் நிற்க நாங்களே கூலி கொடுத்துவிட்டு, நாய்க்காக வாதாடவும் போனோம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய் இதைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இனியாவது பார்த்துச் செய்யுங்க" என்றார்.

வீசுவதை அன்றோடு நிறுத்தினோம். ஒழுங்கைக்குள் இறங்கி, மதிலோரம் ஒரே இடத்தில், பிரவுணி அங்கே நிற்கும்போது மட்டும் துண்டைக் கீழே வைத்தோம். முதல் கிழமை அது இன்னும் மூர்க்கமாகப் பாய்ந்தது. பழைய இடத்தில் சாப்பாடு வராதபோது கொஞ்ச நாள் கூடுதலாகத்தான் முயற்சி செய்யும். மூன்றாம் கிழமை த்ரீவீல் சத்தம் கேட்டதும் மதிலோரம் ஓடியது. அடிக்கவில்லை, கத்தவில்லை.

எல்லா நாயும் இப்படி மாறும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடிக்கிற நாய், நோயுள்ள நாய் என்றால் உரிய ஆட்களிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கட ஒழுங்கையிலும் ஒரு நாய் தப்பான இடத்தில் நிற்குமென்றால், பிடித்துக் கொடுக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள்: அங்கே சாப்பாடு போடுகிறது யார்?