புல்லு யாருது, வெட்டுறது யாரு?

புல்லு வெட்டுறதெல்லாம் ஒரு அரசியலான்னு கேக்காதீங்க. ஆக்லாந்துல ஆச்சு.

இங்கே வீட்டு வேலியைத் தாண்டினா நடைபாதை. அதுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல நீளமா ஒரு புல் பட்டை. அதுக்கு 'பெர்ம்'னு பேரு. நிலம் பொதுச்சொத்து, ஆனா புல்லை வெட்ட வேண்டியது எதிர்வீட்டுக்காரர். நம்மூர்ல வாசல் தெளிச்சுக் கோலம் போடுற இடம் மாதிரின்னு வச்சுக்கங்க. தெரு மாநகராட்சியோடது, வாசல் மட்டும் நம்மளுது!

2010 நவம்பர் 1 அன்னிக்கு இந்த வட்டாரத்துல இருந்த எட்டு சபைகளையும் கலைச்சு ஒரே ஆக்லாந்து கவுன்சில் ஆக்கினாங்க. அப்பத்தான் ஒரு சிக்கல் வெளியே வந்துச்சு. பழைய ஆக்லாந்து சிட்டி பகுதியில சபையே ஆள் வச்சு பெர்ம் வெட்டிக் கொடுத்துட்டிருந்தது. மனுகாவ், நார்த் ஷோர் ஜனங்க தாங்களே வெட்டிக்கிட்டாங்க. வரி எல்லாருக்கும், சேவை சிலருக்கு மட்டுமா? ஒண்ணு எல்லாருக்கும் வெட்டணும், இல்ல யாருக்கும் வெட்டக் கூடாது. செலவைக் கணக்குப் பார்த்து ரெண்டாவதையே எடுத்தாங்க. 2013 ஜூலையில இருந்து சபை கையை விரிச்சிடுச்சு. கடுப்பான சிலர் "பொது நிலத்தை நான் ஏன் வெட்டணும்?"னு முழங்கால் உயரத்துக்குப் புல்லை வளர விட்டாங்க.

இந்தக் கோபம் புரியணும்னா புல்தரையோட கதை தெரியணும். வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி இந்த எரிமலை மண்ணுல மாஓரிகள் குமரா (நம்ம சர்க்கரைவள்ளிதான்) பயிர் பண்ணாங்க. சும்மா பார்க்கிறதுக்குன்னு புல் வளர்க்கிறது இங்கிலாந்துல இருந்து வந்த பழக்கம். அங்கேயும் அது ரொம்ப நாள் பணக்காரங்க சமாச்சாரம். அரிவாள் பிடிக்க ஆள் வேணும், இல்லேன்னா ஆட்டு மந்தை வேணும். 1830-ல எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துணியில நீட்டிக்கிட்டு நிக்கிற நூலை மழிக்கிற ஆலை மெஷினைப் பார்த்து வந்த யோசனை அது. அப்புறம்தான் சாதாரண வீட்டுக்கும் புல்தரை எட்டுச்சு. ஆக்லாந்துலயே 1910-ல மேசன், போர்ட்டர்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச பட்டறைதான் பின்னாடி புல்வெட்டிக்குப் பேர் போன மாஸ்போர்ட். கால் ஏக்கர் மனை இந்த ஊர்க்காரங்களோட கனவு. நம்ம கணக்குல நாலரை கிரவுண்ட். அத்தனையும் வெட்டணும் சாமி!

வளர்ற புல்லாவது உள்ளூரா? அதுவும் இல்லை. ஆக்லாந்து முழுக்கப் படர்ந்திருக்கிற கிக்குயு புல் கிழக்கு ஆப்பிரிக்காவோடது. கென்யாவுல இருக்கிற கிக்குயு மக்களோட பேர்தான் அதுக்கு. (நம்ம நீலகிரியிலயும் இதே புல்தான் பரவிக் கிடக்கு.) கோடையில இருந்து இலையுதிர் காலம் வரைக்கும் பேய் மாதிரி வளரும், குளிர்ல அடங்கிடும். இன்னொண்ணு 'ஒனெஹங்கா களை'. ஆக்லாந்துல இருக்கிற ஒரு துறைமுகப் பேட்டையோட பேரை வாங்கிக்கிட்டாலும், பிறந்த ஊர் தென் அமெரிக்கா. குளிர்காலத்துல சாதுவா தரையோட ஒட்டிக் கிடக்கும். டிசம்பர்ல குழந்தைங்க செருப்பில்லாம ஓடறப்போ விதை முள்ளா மாறிக் காலைப் பதம் பார்க்கும். அதனாலதான் விவரமானவங்க ஆகஸ்ட், செப்டம்பர்லயே, விதை முத்துறதுக்குள்ள மருந்தடிச்சிடுவாங்க. (இங்கே செப்டம்பர்தான் வசந்தம், மறந்துடாதீங்க.)

ஆக, பழக்கம் இங்கிலாந்து, புல் ஆப்பிரிக்கா, முள் அமெரிக்கா, வேர்வை மட்டும் உள்ளூர் :)

வாடகை வீட்டுல இருக்கிற நம்ம பசங்களையும் இது விடாது. வேற ஒப்பந்தம் இல்லேன்னா வீட்டுப் புல்லை வெட்டுறது குடியிருக்கிறவங்க பொறுப்புதான். நவம்பர்ல ரெண்டு வாரம் சோம்பேறித்தனமா இருந்து பாருங்க, தெரியும்.

என்னைக் கேட்டா, கவுன்சில் முடிவுல நியாயம் இருக்கு. ஆனா எழுபது வயசுப் பாட்டிக்கும் இருபது வயசுப் பையனுக்கும் ஒரே சட்டம்ங்கிறதுதான் இடிக்குது. முடியாத வீட்டு வாசலுக்கும் சேர்த்துத் தண்ணி தெளிக்கிற பக்கத்து வீட்டக்கா நம்ம தெருவுல இருப்பாங்க இல்லையா? இங்கேயும் தன் பெர்மை முடிச்சுட்டு, மெஷினை நிறுத்தாம அப்படியே அடுத்த வீட்டு பெர்மையும் வெட்டிட்டுப் போற ஆளுங்க உண்டு. சபை விட்ட இடத்தை ஓட்டிக்கிட்டிருக்கிறது அவங்கதான்.