தோட்ட மக்களின் அவசர சிகிச்சை: சட்ட வரலாறு

இலங்கை மலையகத்தின் லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களில், காசில்லாத நோயாளியையும் காப்பாற்றச் சொன்ன சட்டம் முதலில் கட்டுப்படுத்தியது தோட்ட நிர்வாகியான துரையைத்தான்.

19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள், காலராவுக்கும் பட்டினிக்கும் வழிநெடுகப் பலியானார்கள். மலையேறித் தப்பியவர்களையும் நோய் விடவில்லை. கோப்பிக் காலத்தில் வந்த 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்ட மருத்துவத்துக்கு முதன்முதலாகச் சட்ட வடிவம் கொடுத்தது. செலவு யார் தலையில் என்று தோட்ட முதலாளிகளும் அரசும் நெடுங்காலம் மல்லுக்கட்டினர்.

தேயிலை வேரூன்றிய பின் வந்த 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம்தான் முக்கியமானது. தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது, தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்து உடனே ஆவன செய்வது, கடும் நோயோ விபத்தோ நேர்ந்தால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்புவது, அவர் சொன்னால் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் துரையின் கடமைகள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தர வேண்டும். வைத்திய அதிகாரி தகுதிச் சான்று தராமல் அந்த மாதத்தில் அவளை மலைக்கு வேலைக்கு அனுப்பக் கூடாது. வாசகங்கள் நல்லவைதான். ஆனால் வேலைக்குப் போனால்தான் அன்றைய வரவுக்குப் பேர் விழும், பேர் விழுந்தால்தான் கூலி. காய்ச்சலை மறைத்துக்கொண்டு கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிய பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியபோதும், டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளருமாகத் தோட்டம் தனி ஏற்பாட்டிலேயே கிடந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை மிக மெதுவாக நடந்தது. பிரசவ வலியோடு துடித்தவளைக் கொழுந்து லொறியில் ஏற்றிய கதை இல்லாத தோட்டம் அரிது.

வேறு நாடுகளில் அவசர சிகிச்சையைச் சட்டமே நேரடியாகக் காத்தது. அமெரிக்கா 1986இல் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டமியற்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலும், ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவின் மருத்துவமனைகள் சேர்க்க மறுத்த வழக்கில் 1996இலும், அவசர சிகிச்சையை உயிர்வாழும் உரிமையோடு இணைத்தது. இலங்கையின் 1978 அரசியலமைப்பு அந்த உரிமையை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இங்கே ஏழையைக் காப்பது இலவச அரச சேவைதான், அதுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான்.

ஆகவே 1990 என்ற தொலைபேசி எண்ணில் இயங்கும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை மலைநாட்டுக்குப் பெரிய வரவு. இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவைக்கு, 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நிரந்தர அமைப்பைத் தந்தது. ஆனால் தார் வீதிக்கும் லயத்துக்கும் இடையில் கிடப்பது குண்டும் குழியுமான தோட்டப் பாதை. அதைச் செப்பனிட 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்ட காலம் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்களின் பாதைக்குப் பணம் செலவிட முடியாத அந்த அநீதிக்கு, 2018இல்தான் திருத்தம் வந்தது.