ரப்பர்ப் பாலின் வெண்மையும் புகைமூட்டமும்



கோலா சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் இன்று எங்கும் செம்பனையே. மங்கில் வடியும் ரப்பர்ப் பாலை நேரில் கண்ட மாணவர் அரியர். அப்பால் ஏன் வெண்மையாக இருக்கிறது? ரப்பர் வெண்ணிறப் பொருளன்று. பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தி உலர்த்திய தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் தேன்நிறத்தில் ஒளி ஊடுருவும். பாலாக இருக்கும்போது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுள்ள எண்ணற்ற துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. வெண்மை அச்சிதறலால் வருவதே.

துகளின் அளவையும் நிறத்தையும் கணக்கால் இணைத்தவர் ரேலி பிரபு. 1871இல் அவர் கண்ட விதிப்படி, அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும். வானின் நீலத்துக்கு அதுவே விளக்கம். ஆயினும் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்கே அவ்விதி பொருந்தும். ரப்பர்ப் பாலுக்கோ புகைக்கோ போதாது.

அக்குறையை 1908இல் நீக்கியவர் ஜெர்மானியர் குஸ்தாவ் மீ. நீரில் கலந்த நுண்பொன் துகள்களின் செந்நிறத்தை விளக்க முனைந்த அவர், எந்த அளவுக் கோளத்துக்கும் பொருந்தும் தீர்வை மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளிலிருந்து வருவித்தார். அது முடிவிலாத் தொடர். கோளம் பெரிதாகப் பெரிதாகக் கூட்டவேண்டிய உறுப்புகளும் பெருகும். கையால் கணக்கிடுவது பெரும்பாடு. கணினி வந்த பின்னரே அத்தீர்வு முழுப்பயன் அளித்தது.

துகளே இல்லாத தெளிந்த நீரில் என்ன நிகழும்? கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்றார் ரேலி. 1921இல் நர்குண்டா கப்பலில் தாயகம் திரும்பிய சர். சி. வி. இராமன், நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் பளபளப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் செறிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதாக அவர் முடிவு செய்தார். அக்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து இத்தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரும் அந்நீலத்தைக் கண்டிருப்பர். அவர்கள் கையில் பட்டகம் இல்லை, அவ்வளவே! அவ்வாய்வின் தொடர்ச்சியாக, 1928 பிப்ரவரி 28இல் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணனுடன் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசும் வந்தது.

2005 ஆகஸ்டு 11இல் கோலா சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். சுமத்திராத் தீயின் புகையால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. புகைத்துகள்களின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டியது. ஆகவே அது மீயின் களம். இன்று வீடுகளில் பலர் வைத்திருக்கும் மலிவான காற்றுமானிகள் லேசர் ஒளியின் சிதறலைக் கொண்டே துகளின் அளவை மதிப்பிடுகின்றன. நம்முடையதுபோன்ற ஈரக்காற்றில் துகள்கள் நீரை ஈர்த்துப் பருத்து, ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கும். அதனால் உள்ளதைவிடக் கூடுதலான எண்ணைக் கருவி காட்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோர், அதிகாரபூர்வக் குறியீட்டையும் சேர்த்துப் பார்ப்பது நலம்.