சம்மதப் படிவமும் கைநாட்டும்



நிலம், கூலி, கோயில் நுழைவு, இடஒதுக்கீடு என்று நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். கருப்பைவாய்ப் புற்றுநோயை ஒரு நினைவுச் சொற்பொழிவில் பேசலாமா என்று தயங்குபவர்கள் நமக்குள்ளேயும் உண்டு. இந்தியாவில் ஆண்டுதோறும் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் இந்நோயால் சாகிறார்கள். முன்கூட்டியே பார்த்துவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடக்கூடிய சாவு இது. அப்படியொரு சாவு யார் வீட்டில் விழுகிறது என்பது சாதியும் வர்க்கமும் சேர்ந்த கேள்வி.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் இச்சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 100-க்குப் பத்துப் பேர்கூட இல்லை. நாடு முழுதும் பார்த்தால் இரண்டு பேர்கூட இல்லை. காட்டுப்பள்ளி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சேரிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் சோதனைக்குக் கூப்பிட்டால் "வேணாம்மா" என்று பெண்கள் நகர்ந்துவிடுவதை அறியாமை என்று அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள். நாம் அப்படிக் குறித்துக்கொள்ள முடியாது. அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1976-இல் டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட 1,158 பெண்களுக்கு உடனே சிகிச்சை தராமல், எத்தனை பேருக்கு அது புற்றுநோயாகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1997-இல் செய்தி வெளியானபோது, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்றார்கள். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்குப் புரிந்ததா என்பதற்கு ஒரு தாளும் தேவைப்படவில்லை.

அடுத்தது நம் திண்டுக்கல். 2000-இல் 114 கிராமத் தொகுதிகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் செவிலியர்கள் வினிகரின் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு "வழக்கமான பராமரிப்பு". இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் கிராமங்களில் வழக்கமாக இருந்தது சோதனையே இல்லாத நிலை. அந்த இல்லாமைக்கு வைத்த பெயர்தான் பராமரிப்பு! 2007-இல் முடிவு வெளிவந்தது: சோதனை நடந்த ஊர்களில் இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் இதே அமைப்பில் ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சோதனை வழங்கப்படாத 1,38,624 பெண்களில் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்தார்கள் என்று எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் கணக்குக் காட்டி எழுதினார்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. எந்த ஆய்வின் அறத்தைக் கேள்வி கேட்கிறோமோ, அதுதான் மலிவான இந்தச் சோதனை உயிர் காக்கும் என்பதை நம் மண்ணில் நிரூபித்தது. இரண்டும் உண்மை. முதல் உண்மைக்காக இரண்டாவதைத் தள்ளினால் மறுபடியும் சாகப்போவது நம் பெண்கள்.

2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், இந்நோயைத் தடுக்கும் ஊசி சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது: பார்வையிட்ட 9,543 படிவங்களில் 1,948-இல் கைநாட்டு, 2,763-இல் விடுதிக் காப்பாளர் அல்லது தலைமையாசிரியர் கையெழுத்து. அப்போது நேர்ந்த இறப்புகளுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணைக் குழு சொன்னது. ஊசி நல்லதா என்பது வேறு கேள்வி. பெற்றவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்பது வேறு கேள்வி. பீட் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான கதை. அங்கே கரும்பு வெட்டும் பெண்களைப் "புற்றுநோய் வரும்" என்று பயமுறுத்தியே தனியார் மருத்துவமனைகளில் கருப்பையை எடுத்ததாக 2019-இல் புகார் வெடித்தது. ஒரு பக்கம் தகவலே இல்லை, இன்னொரு பக்கம் பொய்த் தகவல்.

ஆகவே சோதனைக்கு ஆள் திரட்டித் தருவது நம் வேலையாக இருக்கக் கூடாது. காட்டுப்பள்ளியில் ஓர் அக்காவிடம் நாம் சொல்ல வேண்டியவை வேறு. அமிலம் தடவினால் வெள்ளைத் திட்டு தெரியலாம். அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேல் சோதனை வேண்டும் என்று அர்த்தம். திட்டு தெரிந்தாலே கருப்பையை எடுக்கச் சொன்னால் அங்கேயே கேள்வி கேளுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஐந்தாண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பெண் செவிலியர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னதற்காக ரேஷனோ உதவித்தொகையோ நிற்காது. வைரஸைக் கண்டறியும் புதிய சோதனையில் பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொல்லிவிட்டது. அந்நியர் முன் படுக்கக் கூசும் இருளர் பெண்களுக்கு அதை முதலில் கொடுங்கள் என்று அரசிடம் நாம் கேட்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் கூலி நிற்கிறது. துறைமுகத்துக்காகக் குப்பத்தையே இடம்பெயர்த்த ஊர் இது. ஒப்பந்த வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சோதனைக்கு ஒரு நாள், மேல் சோதனைக்குப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ ஒரு நாள், முடிவு கேட்க இன்னொரு நாள் என்றால் மூன்று நாள் சம்பளம் போச்சு. அந்த மூன்று நாளைச் சம்பளத்தோடு விடுப்பாகத் தரச் சொல்லி, நம் தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குக் கீழேயாவது எழுத வேண்டும். பட்டியல் தயாரிக்கும் கூட்டத்துக்குப் பெண்களையும் கூப்பிடுங்கள்.